ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் ரம்பம்

பார்சலைப் பிரிக்கும்போதே மாமா வந்துவிட்டார். காவாந்தண்டலத்தில் கூரியர் வண்டி ஒரு வாசலில் நின்றால் பத்து நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். பெட்டி வேறு பெரியது.

ஆரஞ்சு நிற மெஷின். 22 அங்குல பார். ஒரு செயின், பெட்ரோல் கலக்க ஒரு பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு ஸ்பேனர், சீன எழுத்தும் தப்புத் தப்பான ஆங்கிலமுமாக ஒரு குட்டிப் புத்தகம். எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அக்கா மகன்.

"எவ்ளோ மாப்ள?"

"ஆறாயிரத்து எண்ணூறு மாமா. ஆஃபர்ல போட்டாங்க. 58 சிசி."

மாமா மெஷினைக் கையில் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். கயிறு இழுக்கும் பக்கம், சைலன்சர் பக்கம், பெட்ரோல் மூடி. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்தால் விஷயம் இருக்கிறது என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் அவனுக்கு எரிச்சல் வந்தது.

மாமாவுக்கு 58 வயது. செய்யாற்றங்கரை ஊரில் பம்பு செட்டுகளுக்குப் பஞ்சமில்லை, மோட்டார் காயில் எரிவதற்கும் பஞ்சமில்லை. முப்பது வருடமாக அந்தக் காயில்களைக் கட்டித்தான் குடும்பம் நடத்துகிறார். நடுவில் பவர் ஸ்பிரேயர், கரும்பு ஜூஸ் வண்டி என்று சின்ன இன்ஜின்களும் அவரிடம் வரும். மாப்பிள்ளை ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தவன். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, மரம் அறுக்கும் வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்திருந்தான். ஏரிக்கரை முழுக்க வேலிகாத்தான். சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. கணக்கு தப்பில்லை.

மெஷினுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதை மாமா கேட்கவில்லை. மருமகள் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததைப் பார்த்தாலே போதுமே.

"கம்பெனி மெஷின் வாங்கியிருக்கலாமேன்னுதானே நெனைக்கிறீங்க?"

"நான் இன்னா சொன்னேன்?"

"நாலு மடங்கு, அஞ்சு மடங்கு சொல்றான் மாமா. அவ்ளோ பணத்துக்கு எங்க போறது?"

அதுவும் நியாயம்தான். மாமாவிடம் அதற்குப் பதில் இல்லை.

இந்த மலிவு மெஷின்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவை வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஜப்பானின் கொமாட்சு ஸெனோவா கம்பெனி ஜி5200 என்று ஒரு மாடல் செய்துகொண்டிருந்தது. நல்ல பெயர் வாங்கிய மெஷின். அதைப் பார்த்து அச்சு அசலாக சீனத் தொழிற்சாலைகள் செய்ய ஆரம்பித்தவைதான் இன்று பல நிறங்களில், பல பெயர்களில் வருகின்றன. அந்த ஸெனோவாவையே 2007-ல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா வாங்கிக்கொண்டது. ஆக, இவற்றின் வரைபடம் மோசமில்லை. அந்த வரைபடத்தை யார், எந்த இரும்பில், எவ்வளவு அக்கறையாகச் செய்தார்கள் என்பதுதான் தெரியாது. ஒரே ஆர்டரில் இரண்டு மெஷின் வாங்கினால் ஒன்று ஐந்து வருடம் ஓடும், இன்னொன்று ஐந்தாம் நாள் படுக்கும்.

குடவோலை மாதிரி என்று சொல்லலாம். பக்கத்து உத்திரமேரூர் கல்வெட்டில் இருக்கிற அதே குடவோலைதான். ஆனால் அதிலும்கூட கண்டவர் பெயரைக் குடத்தில் போட்டுவிட முடியாது. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35-லிருந்து 70-க்குள் வயது என்று சலித்த பிறகுதான் ஓலை. இணையக் கடையில் அந்தச் சலிப்பு இல்லை.

அன்று சாயங்காலமே மாமா ஒரு சோதனை செய்தார். மெஷினை ஸ்டார்ட் செய்து தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டரை முழுசாகக் கொடுத்து, முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பை மணிக்கட்டால் முன்னால் தள்ளினார். அதுதான் செயின் பிரேக். தள்ளிய கணமே செயின் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தயங்கித் தயங்கி ஓடிக்கொண்டே இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும், இன்ஜின் சும்மா ஓடும்போதும், செயின் மெல்ல நகர்ந்தது.

"ஞாயித்துக்கெழம பிரிச்சுப் பாக்கறேன். அதுவரைக்கும் தொடாத."

"வியாழக்கெழம ஒரு வேலை ஒத்துக்கிட்டேன் மாமா."

"வாணாம்னு சொல்றேன்ல."

வியாழக்கிழமை மாப்பிள்ளை போனான்.

செயின் ரம்பத்தின் பிரேக் என்பது ஏதோ கூடுதல் வசதி இல்லை. முழு வேகத்தில் அந்தச் செயின் நொடிக்கு இருபது மீட்டர் ஓடுகிறது. பாரின் நுனி, அதிலும் நுனியின் மேல்பாதி, ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால் பற்கள் மரத்தை அறுக்காமல் மரத்தை உதைக்கும். அந்த உதையில் மொத்த மெஷினும் அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் பார்த்துப் பாயும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் சமாச்சாரம். மனிதன் சுதாரிக்க நேரம் கிடையாது என்பதால்தான் 1970-களில் பெரிய கம்பெனிகள் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தன. கை அந்தத் தடுப்பில் மோதினாலே செயின் நின்றுவிடும்.

வேலிகாத்தான் புதரில் ஒரு கிளையை அறுக்கும்போது பின்னால் இருக்கும் கிளை கண்ணுக்குத் தெரியாது. உயர் நீதிமன்றம் வரை வழக்குக்குப் போன மரம். வெட்ட வெட்டத் துளிர்க்கும், நாலாபக்கமும் பின்னிக் கிடக்கும். மாப்பிள்ளையின் பார் நுனி பின்கிளையில் பட்டது. மெஷின் துள்ளியது. நல்லவேளையாக அவன் சற்றுச் சாய்வாக நின்றிருந்தான். தோளுக்கு மேலே போன ரம்பம் அதே வேகத்தில் கீழே இறங்கியது. பிரேக் பிடிக்காத செயின், லுங்கியை முழங்காலுக்கு மேலே ஒரு முழம் கிழித்துச் சுருட்டிக்கொண்டு, துணி சிக்கியதால் நின்றது. தோலில் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான்.

கூட வந்த பையன் சொல்லித்தான் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. மருமகள் இரண்டு நாள் பேசவில்லை. அந்த லுங்கியை மட்டும் துவைத்து, மடித்து, அவன் கண்ணில் படும்படி கொடியில் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கடையில் மெஷின் பிரிந்து கிடந்தது. பிரேக் பட்டையில் எண்ணெய்ப் பசை. தொழிற்சாலையிலேயே பட்டிருக்க வேண்டும். கிளட்ச் ஸ்பிரிங் தளர்ச்சி. ஐந்து திருகுகளில் மூன்று கையாலேயே கழன்றன. பெட்ரோல் டியூப் இப்போதே மொரமொரப்பு. பிஸ்டனை வெர்னியர் வைத்து அளந்தார். விட்டம் 45.2 மில்லிமீட்டர். ஓட்டம் 32.5. சுவரில் கரியால் பெருக்கிப் பார்த்தார்.

"58-ன்னு ஒட்டியிருக்கான். 52தான் வருது மாப்ள."

"ஆறு சிசிய வழியில யாரோ குடிச்சிட்டாங்க போல."

அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

இருக்கிற சக்திக்கு 22 அங்குல பார் நீளம் அதிகம். 20 அங்குலத்துக்கு மாற்றச் சொன்னார். பெட்டியோடு வந்த செயினைக் கழற்றித் தனியே மாட்டிவைத்தார். "இது மாட்டுக்கு மணி கட்டத்தான் ஆவும்." சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மலிவு மெஷினில் முதலில் மாற்ற வேண்டியது அதன் செயின் என்பதில் அனுபவப்பட்டவர்கள் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. மரத்தை அறுப்பது இன்ஜின் இல்லை, செயின்தான். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து மரத்தைத் தின்பதை உட்கார்ந்து பார்த்தார். அந்தத் தாடையைப் பார்த்துச் செய்ததுதான் இன்று எல்லாச் செயினிலும் இருக்கும் பல்லின் வடிவம். அதற்கு முன்னால், 1926-ல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செய்த முதல் மின்சார ரம்பத்தின் எடை 64 கிலோ. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். இன்று ஆறு கிலோ மெஷின் ஒருவன் கையில் தொங்குகிறது. எடை குறைந்த அளவுக்கு ஆபத்து குறையவில்லை.

செய்யாற்றங்கரையில் இன்னொரு தொல்லை, மணல். அடிமரத்துப் பட்டையில் அப்பியிருக்கும் மணல் ஒரு நிமிடத்தில் செயினை மழுக்கிவிடும். மழுங்கிய செயின் துருவலாகத் தள்ளாது, மாவு மாவாகக் கொட்டும். அதைக் கவனிக்காமல் அழுத்தி அறுத்தால் பாரும் போகும், இன்ஜினும் சூடேறும். அடியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு அறுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் தீரும்போதெல்லாம் அரத்தால் ஒவ்வொரு பல்லையும் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் இரண்டு வாங்கிக் கொடுத்தார் மாமா.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பழைய செய்தித்தாளை விரித்து, பார் நுனியை ஒரு சாண் உயரத்தில் காட்டி, வேகம் கொடுத்தால் தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். இந்த மெஷினில் விழவில்லை. துளையில் இரும்புத் துகள் அடைத்திருந்தது.

செலவுக் கணக்கை மாமா காயில் கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதினார். தரமான செயின் 1,100. அரம் 300. பிளக் 150. டியூபும் ஃபில்டரும் 150. முகத்துக்கு வலையும் காதுக்கு மூடியும் சேர்ந்த ஹெல்மெட் 1,400. கம்பெனியில் கொடுத்த இரும்பு நுனி ஷூ வீட்டில் இருந்தது, அது லாபம். பாரை மாமா தெரிந்த இடத்தில் மாற்றிக்கொண்டார். மொத்தம் 3,100. ஆக 6,800 ரூபாய் மெஷின், வேலைக்குத் தயாராகும்போது 9,900. இதில் மாமாவின் ஞாயிற்றுக்கிழமை சேரவில்லை.

மலிவு மெஷினின் உண்மையான விலை இதுதான். விளம்பரத்தில் இருப்பது முன்பணம். மீதியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கட்ட வேண்டும். அப்படி ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அந்த மீதியைக் கால் கட்டும்.

மாமா இந்த மெஷின்களுக்கு எதிரி இல்லை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்த இரவை அவர் மறக்கவில்லை. வேப்பமரம் மாட்டுக்கொட்டகை மேலே கிடந்தது. உள்ளே இரண்டு மாடு. கோடாலியால் விடிய விடிய வெட்டித்தான் வழி செய்தார்கள். மறுநாள் மெஷின் வைத்திருந்த ஒருவருக்குச் சுற்றுவட்டாரமே காத்துக் கிடந்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் இதே கதைதான், பல மடங்கு பெரியதாக. விழுந்த மரத்தை அகற்ற ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. அந்த மாதிரி ஒரு நாளில் வீட்டில் ஒரு ரம்பம் இருந்தால் அதன் விலையை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அப்படிப் புயலுக்குப் பயந்து வாங்கியவை பல பரண்களில் பெட்ரோலோடு உறங்குகின்றன. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் மலிவு டியூபை ஊறவைக்கும், கார்புரேட்டர் சவ்வை விறைக்க வைக்கும். அடுத்த புயலன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் இறங்கியதுதான் மிச்சம் என்று மாமாவிடம் வருகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. யாரும் செய்வதில்லை.

மாப்பிள்ளை அதன் பிறகு ஒழுங்காக வேலைக்குப் போனான். சவுக்கு, வேலிகாத்தான், யூகலிப்டஸ். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வரை கிடைத்தது. ஒருவர் கழனி ஓரத்துப் பனைமரம் இரண்டை அறுக்கக் கூப்பிட்டார். "பனைய மட்டும் தொடாத. கலெக்டர் அனுமதி வேணும்" என்றார் மாமா. 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்னது அது. மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டான். அந்த இரண்டு பனையும் இன்னும் நிற்கின்றன.

மூன்றாம் மாதம் மெஷின் படுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கயிறு அசையவில்லை. பிஸ்டன் கோடு கோடாகக் கீறியிருந்தது. இந்த முறை தப்பு மெஷினுடையது இல்லை. விலை உயர்ந்த கம்பெனி மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் போதும் என்று வீடியோவில் பார்த்து மாப்பிள்ளையும் அப்படியே கலந்திருக்கிறான். இதன் குட்டிப் புத்தகத்தில் 40 மில்லி என்று போட்டிருந்தது. அந்தத் தப்புத் தப்பான ஆங்கிலத்தில் சரியாக இருந்த ஒரே வரி அதுதான், அதைத்தான் அவன் படிக்கவில்லை.

மாமா திட்டவில்லை. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செட் 1,350 ரூபாய்க்கு வந்தது. எத்தனை பெயரில் விற்றாலும் உள்ளே எல்லாம் அந்த ஒரே ஜப்பானிய அளவு என்பதால் உதிரிபாகம் எதுவும் எதற்கும் பொருந்துகிறது. இந்த ஒரு விஷயத்தில் மலிவு மெஷின் ஜெயிக்கிறது. பெயர்பெற்ற மெஷினில் இதே பாகம் போயிருந்தால் செலவு கையைக் கடித்திருக்கும். ஆனால் பிஸ்டன் வந்து சேர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாள் கூலி போனது. ஒத்துக்கொண்ட ஒரு தோப்பு வேறு ஆளுக்குப் போனது. தினக்கூலிக்காரனுக்கு மெஷின் விலையைவிட மெஷின் நிற்கிற நாளின் விலை அதிகம். வருடத்துக்கு நாலு நாள் விறகு அறுக்கிற வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது.

"அடுத்தது கம்பெனி மெஷின்தான் மாமா. சின்னதா ஒண்ணு. இது ஸ்பேருக்கு இருக்கட்டும்."

"மொதல்ல கம்மல மீட்டுட்டு வா."

ஐந்தாம் மாதம் மீட்டான். மருமகள் அதைப் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கொடியில் கிடந்த லுங்கி அப்போதும் கொடியிலேயே கிடந்தது.

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு மாமாவின் கடைக்கு வந்தார். திரையில் அதே ஆரஞ்சு மெஷின். இப்போது ஆறாயிரத்து இருநூறாம். நாளை வரைக்கும்தான் ஆஃபராம்.

"வாங்கலாமா அண்ணே?"

"எத்தினி மரம் கீது உன்கிட்ட?"

"அஞ்சு தென்ன. ஒரு முருங்க."

மாமா கையிலிருந்த காயில் கம்பியைக் கீழே வைக்காமலே வாசல் பக்கம் தலையைக் காட்டினார். அங்கே மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் தலையில் இருந்தது. மெஷினைத் தரையில் வைத்து அழுத்திப் பிடித்து, வேகம் கொடுத்து, மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளினான். செயின் சட்டென்று நின்றது. தடுப்பைப் பின்னால் இழுத்துவிட்டு இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான்.

"அவன் நம்பர வாங்கிக்க" என்றார் மாமா.